மஞ்சள் முடிச்சும் கடை லட்டும்

வியாழக்கிழமை சாயங்காலம் திருப்பதி பஸ்ஸிலிருந்து சித்தூரில் இறங்கினால், பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "தர்சனம் அயிந்தா சார்?" டீயா காபியா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தரிசனம் ஆயிற்றா என்று கேட்கிறார். திருப்பதிக்குப் போனவன் மலைக்குப் போகாமல் திரும்புவான் என்பது சித்தூர்க்காரர்களின் கற்பனைக்கே எட்டாத விஷயம். நானோ மூன்று வருடமாக ஒவ்வொரு வியாழனும் போகிறேன். மாம்பழக்கூழ் நிரப்பிய சின்னச் சின்ன பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய், பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். சந்திரகிரி தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பதோடு சரி. "கூட்டம் ஜாஸ்தி" என்று சிரித்து வைப்பேன். அவர் பரிதாபப்பட்டு டீயில் கொஞ்சம் சர்க்கரை கூடப் போடுவார். இந்த மனுஷன் நிஜமாகவே பரிதாபப்படுகிறாரா, இல்லை என் வாயைக் கிண்டுகிறாரா என்று அந்தச் சர்க்கரையின் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடன்குடிக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் எனக்கு ஊர். மனைவி அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு மாற்றல் கிடைக்காது, எனக்கு அங்கே வேலை கிடைக்காது. அதனால் நான் இங்கே மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிறவனாக இருக்கிறேன். கூழ் தித்திப்பாக இருந்தால் மற்றவர்கள் சப்புக்கொட்டுவார்கள். நான், யார் சர்க்கரைப் பாகு ஊற்றியது என்று கேட்பேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். துபாய்க்கும் கனடாவுக்கும் போன நம் பையன்கள் பனியைப் பற்றியும் பாலைவனத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். என்னுடைய பரதேசம் ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸும் ஏறினால் வந்துவிடும். ஆனாலும் எல்லை தாண்டியதும் பெயர்ப் பலகைகளில் எழுத்தெல்லாம் உருண்டையாகிவிடுகிறது, நமக்குப் படிக்கத் தெரியாமல் போய்விடுகிறது. தமிழ் பேசுகிறவர்கள்கூட எனக்குப் புரியாத தமிழ் பேசினார்கள். வீடு பார்க்க வந்த அன்று, கீழ் வீட்டு அம்மாள் ஒரு முக்காலியைத் தள்ளி, "குந்து நைனா" என்றார். நைனா என்றால் அப்பா என்று எங்கேயோ கேட்டிருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை அப்பா என்கிறாரே, கிண்டலோ என்று நின்றுகொண்டே இருந்தேன். பாசமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று புரிய ஒரு மாதம் ஆனது.

அது நான் பார்த்த இரண்டாவது வீடு. முதல் வீட்டில் என் முழுப் பெயரைச் சொன்னேன்: ஜெபராஜ். வீட்டுக்காரர் உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து, தண்ணீர்க் கஷ்டம், இப்போதைக்கு வாடகைக்கு விடுவதாக இல்லை என்றார். அந்தத் தெருவில் நிஜமாகவே தண்ணீர்க் கஷ்டம் உண்டு. காரணம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் நான் சந்தேகப்படப் பிறந்தவன். இரண்டாவது வீட்டில் சொந்தக்காரர், "பேரு?" என்றதும் "ராஜ்" என்றேன். சனிக்கிழமை கவிச்சி சமைக்கக் கூடாது என்றார்கள். எந்தக் கிழமையும் சமைக்க மாட்டேன் என்று கேட்காததற்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தேவாலயத்தின் தமிழ் ஆராதனைக்குப் போகும்போது வேதப்புத்தகத்தைக் காய்கறி வாங்கும் கட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போவேன். திரும்பும்போது வழியில் அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கி அதன் மேல் போட்டுக்கொள்வேன். இப்படியாக மூன்று வருடம் கத்திரிக்காய் தின்றேன்.

இதையெல்லாம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் காலையில் கோயில் மணி (எங்களுக்குக் கோயில் என்றால் தேவாலயம்) அடித்துத்தான் பால்காரரே கிளம்புவார். எதிரே வருகிறவர் "ஸ்தோத்திரம்" என்பார், நாமும் "ஸ்தோத்திரம்" என்போம். அதற்கு அர்த்தம் சௌக்கியமா என்பதுதான். தெரு முழுக்க விசுவாசிகள் இருக்கிற இடத்தில் யாரும் யாருக்கும் விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாலிபர் சங்கத்தில் இருந்தபோது மட்டும், வருடத்துக்கு ஒரு தடவை வேன் எடுத்துக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுப்போம். ஓடி ஓடிக் கொடுப்போம். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு தடவை பஸ் நிலையத்தில் ஒருவர் நான் கொடுத்த தாளாலேயே பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், பெஞ்சு அழுக்காகத்தானே இருந்தது என்று தோன்றுகிறது.

கீழ் வீட்டு அம்மாளின் பெயர் கஸ்தூரி. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் குடும்பம். நிலம் போதவில்லை என்று கணவர் முனிரத்தினம் சித்தூருக்கு வந்து மாங்காய் மண்டியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. என்னைப் போல அவர்களும் அங்கே வாடகைக்குத்தான் இருந்தார்கள். நான் அக்கா என்பேன், அண்ணன் என்பேன். சனிக்கிழமைதோறும் அக்கா பெருமாளுக்கு விளக்கேற்றித் தளிகை போட்டு, மேலே எனக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அனுப்புவார். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே வாங்கி வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது பின்பக்கம் கட்டியிருக்கும் எருமைக்குப் போட்டுவிடுவேன்.

போன கோடையில் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் சைக்கிளில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பை. வீடு வீடாகத் தாள் கொடுத்தார். நாலாவது வீட்டில் யாரோ சத்தம் போட, ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. பையை வாங்கித் தாள்களை எடுத்துக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்றார்கள். கஸ்தூரி அக்கா அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று, "பொழுதோட போய் சேரு" என்றார். நான் மாடி ஜன்னலில் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த ஆளை எனக்கும் பிடிக்கவில்லை. முகம் பார்க்காமல் தாளை நீட்டுகிற அந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம். பிறகு நான் கீழே இறங்கி வந்தபோது அக்கா என்னைப் பார்த்து, "துட்டு குடுத்து ஆள் புடிக்கறாங்களாம் நைனா. உங்க ஊர் பக்கம் இதெல்லாம் உண்டா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். ஞாயிறு பள்ளியில் கேட்ட, சீடன் தன் ஆண்டவரையே தெரியாது என்று மறுதலிக்கிற கதையில், இந்த இடத்தில் சேவல் கூவும். இங்கே கூவவில்லை. மணி நாலு, கோழிக்கடைக் கூண்டில் சேவல்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் கோடையிலேயே முனிரத்தினம் அண்ணன் லாரி மேலிருந்து விழுந்தார். தொடை எலும்பு. புத்தூரில் கட்டுப் போடுகிறவர்களே, இது பெரிய எலும்பு, எங்கள் கட்டுக்கு அடங்காது என்று சொல்லி அனுப்ப, வேலூரில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் கட்டிலோடு கிடந்தார். வாக்கர் வாங்கிக் கொடுத்தாயிற்று. பிடித்துக்கொண்டு நிற்பார், ஒரு அடி வைக்கச் சொன்னால் வியர்த்துவிடும். இனி நடக்கவே முடியாதோ என்ற பயம் கணவன் மனைவி இருவருக்கும் வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது அக்கா படிக்கட்டில் காத்திருந்தார். கையில் மஞ்சள் துணியில் கட்டிய சின்ன முடிச்சு. இங்கே முடுப்பு என்பார்கள்; பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைப்பது. தாங்கள் போக முடியாதவர்கள் மலைக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள்.

"அவரு எழுந்து நடந்தா ரெண்டு பேரும் வந்து மொட்ட போட்டுக்கறோம்னு வேண்டிகினு கீறேன். முன்னாடி இத்த சேத்துடணும். அவர வுட்டுட்டு என்னால நவுர முடியல. நீ வாரா வாரம் போறவன். உண்டில போட்ரு நைனா."

வாங்கிக்கொண்டேன். எத்தனை காசு என்று அவிழ்த்துப் பார்க்கவில்லை; கனமாக இருந்தது. மாடிக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதலில் வந்தது சந்தேகம்தான். இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ? சோதித்துப் பார்க்கிறாரோ? தெரு முழுக்கத் திருப்பதிக்குப் போகிறவர்கள் இருக்க, என்னிடம் ஏன் கொடுக்க வேண்டும்? பிறகு வந்தது பயம். நான் மலை ஏறி இன்னொரு சாமியின் உண்டியலில் காணிக்கை போடுவதா? என் மனைவிக்குத் தெரிந்தால் மூன்று நாள் உபவாசம் இருப்பாள். வேற்று மதத்தவர் உள்ளே போக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். மூன்று வருடம் மூடி வைத்த பெயரை அங்கே போய் எழுதிக் கொடுக்கவா? இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டியது: அக்கா, நான் கிறிஸ்தவன், வேறு யாரிடமாவது கொடுங்கள். கீழே இறங்கிப் போய் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. மாறாக, முழங்காலில் நின்று அண்ணனின் காலுக்காக ஜெபம் பண்ணினேன். அன்றிலிருந்து தினமும் பண்ணினேன். அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் வியாழன், கூட்டம் அதிகம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லித் தப்பித்தேன். அடுத்த வியாழன் திருப்பதி பஸ் நிலையத்தில், மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர் நல்லவர் மாதிரி இருக்கிறார், ஆனால் போடுவாரா? அந்த அம்மாள் போடுவார், ஆனால் என்னை ஏன் நீயே போகவில்லை என்று கேட்பார். ஒருவர் மேலும் நம்பிக்கை வரவில்லை. முடிச்சு ஐஸ் பெட்டியில் பாட்டில்களுக்கு நடுவே கிடந்தது, மறுபடி சித்தூருக்குத் திரும்பியது. பஸ் ஏறும் நேரத்தில்தான் ஞாபகம் வந்தது, மலைக்குப் போய் வந்தவன் கையில் லட்டு இல்லாமல் வர முடியாது என்று. பஸ் நிலையத்து வாசலில் ஒரு மிட்டாய்க் கடை. ஒரு பெரிய லட்டாகப் பார்த்து வாங்கினேன். பதினாறு வருடமாகக் கலப்படம் கண்டுபிடிக்கிறவன், அன்று நானே ஒரு போலிச் சரக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"போட்டுட்டியா நைனா?" என்றார் அக்கா. தலையை ஆட்டினேன். லட்டை வாங்கினார். மூக்குக்கருகில் ஒரு நொடி வைத்தார். சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு மலை லட்டின் வாசனை, பச்சைக் கற்பூரமும் நெய்யும் கலந்து, தாய்ப்பாலோடு பழகியது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். பிரசாதம் என்றால் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அவர் ஒற்றிக்கொள்ளவில்லை. ஒரு துண்டு கிள்ளி அண்ணன் வாயில் போட்டார், மிச்சத்தை அலமாரியில் வைத்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், சோர்வாக இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கிற நான் எனக்கு வசதியான ஒன்றை மட்டும் சந்தேகிக்காமல் விட்டேன்.

மேலும் இரண்டு வியாழன் முடிச்சு என்னோடு திருப்பதிக்குப் போய்த் திரும்பியது. அந்தச் சனிக்கிழமை அண்ணன் குளியலறைக்குப் போக எழுந்து, வாக்கரோடு சரிந்து விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப் போய்த் தூக்கினேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் மனம் உடைந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா வெளியே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் போட்ட முடுப்பு போய் சேந்துச்சா நைனா? இல்ல, பெருமாளு வேணாம்னு தள்ளிட்டாரா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த அம்மாள், தன் சாமி தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைக்கத் தொடங்கியிருந்தார், கைவிட்டது நான். "நாளைக்கு வந்து பேசுறேங்க்கா" என்று மட்டும் சொல்லி மாடி ஏறினேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து கத்திரிக்காய் வாங்காமல் வந்தேன். பையோடு நேராகக் கீழ் வீட்டுக்குள் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் முடிச்சை வைத்தேன். என் முழுப் பெயர் ஜெபராஜ் என்றேன். கிறிஸ்தவன் என்றேன். மலைக்குப் போகவில்லை, காணிக்கை போடவில்லை, லட்டு கடையில் வாங்கியது என்றேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரங்கள் மோதிக்கொண்டன. முனிரத்தினம் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். போகவா இருக்கவா என்று தெரியாமல் நின்றேன். அக்கா திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நீ கிறிஸ்டியன்னு எனக்கு தெரியாதா? வெள்ள சட்ட போட்டுகினு, தல வாரிகினு எவனாவது கத்திரிக்கா வாங்க போவானா? வந்த மொத மாசமே தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட குடுத்தீங்க?"

"சாமி கும்புட்றவன்னுதான் குடுத்தேன். சாமி பயம் கீறவன் ஏமாத்த மாட்டான்னு குடுத்தேன். முடியலன்னா முடியலன்னு சொல்லக்கூடாதா? வாயில முத்தா கொட்டிடும்? இது எங்க வூட்டாரு காலு நைனா. வெளயாட்டா?" குரல் உடைந்தது. "லட்ட மூந்து பாத்ததுமே தெரிஞ்சிச்சி. நீயா சொல்றியான்னு பாத்துகினே இருந்தேன். நாளும் போச்சி, நீ சொல்லல."

நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் என்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தேறவில்லை. வெட்கத்தில் எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. "அண்ணனுக்காக நான் தினமும் ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன்க்கா" என்றேன். சொன்ன உடனே, இதைச் சாக்காகச் சொல்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது.

அக்கா என்னை முறைத்தார். "அத்த ஏன் சொல்லல? பொய்ய மட்டும் கொண்டாந்து குடுத்த. நெசமா செஞ்சத மறச்சி வெச்ச."

அப்போதுதான் முனிரத்தினம் அண்ணன் வாயைத் திறந்தார். "மேல குந்திகினு சொல்றத இங்க சொல்லேன். காலு இங்கதான கீது."

நான் பதறிப்போனேன். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். தெருவில் யாராவது கேட்டால், அந்தச் சைக்கிள்காரரின் கதிதான் எனக்கும். அதைவிட, எனக்குள் வாலிபர் சங்கத்து ஆள் ஒருவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, இதோ வாய்ப்பு என்று கையைத் தேய்த்துக்கொள்வதும் எனக்குத் தெரிந்தது. அவனைக் கண்டுதான் எனக்கு மிகவும் பயம். "அண்ணே, நான் ஆள் புடிக்க வரல" என்றேன்.

"புடிச்சா மட்டும் நான் எங்க ஓடப்போறேன்?" என்றார் அண்ணன், தன் காலைப் பார்த்து. விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முழங்காலில் நின்றேன். எங்கள் ஊரில் ஜெபத்துக்கென்று ஒரு தமிழ் உண்டு; பெரிய பெரிய வார்த்தைகளோடு தொடங்கி, ஆரோகணமாகப் போகும். வாயைத் திறந்தால் அதில் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இவரு முனிரத்தினம். மாங்கா லோடு ஏத்துறவரு. எழுந்து நடக்கணும்னு இருக்காரு, பயமா இருக்கு அவருக்கு. அக்காவுக்குத் தூக்கம் இல்ல. நான் இவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், என்னை மன்னியும். இவங்க கூட இரும். ஆமென்." அவ்வளவுதான்.

"அவ்ளோதானா?" என்றார் அண்ணன். "மைக்கு வெச்சி கத்துவீங்கன்னு நெனச்சேன்."

அக்கா கொஞ்சம் தணிந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க சாமி இன்னா கேக்கும்? மொட்டையா, காணிக்கையா?" என்றார். அதற்கு நான் சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த பதில்கள் நிறைய உண்டு. எதையும் சொல்லவில்லை. எங்கள் அப்பா இறந்த வருடத்தைப் பற்றிச் சொன்னேன். பனை ஏறி விழுந்து இறந்தார். ஊரே ஜெபித்துப் பாட்டுப் பாடியது. எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோடும் பேசாமல் தேரிமணலில் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். "அப்போ பக்கத்துல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சுக்கா. ஒண்ணும் பேசல, ஒண்ணும் கேக்கல. சும்மா கூட இருந்தாரு. அவர்தான் இயேசுன்னு நான் நம்புதேன். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்." என் முப்பத்தெட்டு வயதுக்குள் இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

அக்கா விளக்கு வைக்கும் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் சனிக்கெழம வெளக்கு ஏத்தறப்போ அப்டித்தான் இருக்கும்" என்றார். அது வேறு, இது வேறு என்று விளக்கத் தெரிந்த நாக்கு எனக்கு. அன்று அதை அடக்கிக்கொண்டேன். செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அத்தான், அப்போ அவிய ஆலயத்துக்கு வாராவளா?" என்றாள். இல்லை என்றேன். "அண்ணனுக்குக் கால் சரியாயிட்டா?" இல்லை, இன்னும் வாக்கர்தான் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்கள் சுகம் கிடைத்த கதையைத்தான் சொல்வார்கள். இப்படி நடுவில் நிற்கிற கதைக்கு அங்கே மைக் கிடையாது. இங்கேயோ, ஜெபம் பண்ணினேன் என்று வெளியே சொன்னால் ஏன் பண்ணினாய் என்று கேட்பார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு விஷயம் தெரியுமா என்று அக்காவிடம் கேட்டேன். "நான் சொல்லல. உன் பேர நீதான் சொல்லிக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வியாழன் அக்கா என்னோடு கிளம்பினார். நகரியிலிருந்து நாத்தனார் வந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டார். விடிகாலை முதல் பஸ். என் மடியில் ஐஸ் பெட்டி, அவர் மடியில் மஞ்சள் முடிச்சு. திருப்பதியில் மலை பஸ் நிற்கும் இடத்தில், வெறுங்காலோடு போவதாக வேண்டுதல் என்று செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இத்த பாத்துக்கினு இரு. இதையாவது பத்திரமா வெச்சிரு" என்றார். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று தெரிந்தது. பஸ் வளைவில் மறையும்வரை நின்றேன். அன்று முழுவதும் பரிசோதனைக் கூடத்துக்கும், ஓட்டலுக்கும், பஸ் நிலைய பெஞ்சுக்கும் அந்தச் செருப்பைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்; அடிக்கொரு தரம் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன்.

கூட்டமில்லாத நாள் போல, மூன்று மணிக்கெல்லாம் இறங்கி வந்துவிட்டார். நெற்றியில் வேர்வை, முகத்தில் ஒரு தெளிவு. "சேத்துட்டேன்" என்றார். பையிலிருந்து மலை லட்டு வாசனை பஸ் முழுக்கப் பரவியது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்திரகிரி வந்தது. இப்போது லட்டை உடைத்து என்னிடம் நீட்டுவார், நான் என்ன செய்யப்போகிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எருமை இல்லாத இடம். வேண்டாம் என்றால் இன்னொரு தடவை அவரைப் புண்படுத்துவேன், தின்றால் மனைவியின் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது.

அவர் சேலை மடியிலிருந்து தனியாக ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இது உனக்கு. பஸ் ஸ்டாண்டு வாசல்ல மிட்டாய்க் கடை கீதே, நீ வாங்குனது அங்கதான? அங்கயே வாங்கினேன். சாமிக்கு வெச்சது இல்ல. பயப்படாம துன்னு."

பிரித்தேன். கடை லட்டு. அதே மஞ்சள் நிறம், அதே அளவு. இவர் குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எருமைக்குப் போன பொங்கலும் இவருக்குத் தெரியும் என்று அந்த நிமிடத்தில் எனக்கு நிச்சயமாகிவிட்டது. வாயில் போட்டேன். முழுவதையும் தின்றேன்.

சித்தூரில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்காவுக்கு டீ வேண்டும் என்றார். எதிர்க்கடைக்குப் போனோம். டீக்கடைக்காரர் அக்காவின் பையையும் என் முகத்தையும் பார்த்துச் சந்தோஷமாக, "இன்னைக்கு தர்சனம் ஆச்சா சார்?" என்றார். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கூட்டம் ஜாஸ்தி என்ற பதில் நாக்கின் நுனி வரை வந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு ஆச்சு" என்றேன். "நான் கிறிஸ்டியன். என் பேரு ஜெபராஜ். மலைக்குக் கீழ நின்னு அக்கா செருப்ப பாத்துக்கினு இருந்தேன்."

டீக்கடைக்காரரின் கை ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு ஒரு கணம் உயரத்தில் நின்றது. பிறகு "ஓகோ" என்றார். இரண்டு டம்ளர்களை எடுத்துக் கழுவி, ஊற்றி, எங்கள் முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரியான டம்ளர்கள்தானா என்று நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். ஒரே மாதிரிதான். என்னுடையதில் சர்க்கரை மட்டும் மற்ற நாளைவிடக் குறைவாக இருந்தது. மறந்திருக்கலாம். "சக்கர போதலயா?" என்று கேட்டுவிட்டு, அக்கா தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார். அவருடைய செருப்பு இன்னும் என் பையிலேயே இருந்தது, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.